பெரிய மாப்பிள்ளை போட்ட சுற்றுவழி

பெரிய மாப்பிள்ளைக்குப் பொறாமை பிறவிக் குணம். இதை இன்னும் பதமாகச் சொல்லலாம்தான், ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்வதில்லை. சின்ன வயதில் அவருடைய அண்ணனுக்குக் கண் மங்கியதென்று மூக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தார்கள். வீடே அண்ணனைச் சுற்றி நின்று, “அடடா, வாத்தியார் மாதிரி இருக்கே” என்று கொஞ்சியது. மறுநாளிலிருந்து இவருக்குக் கரும்பலகை தெரியவில்லை. டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை, கழுகுப் பார்வை என்று சொன்னார். அதைக் கேட்டு இவர் அங்கேயே தேம்பித் தேம்பி அழுதார். நல்ல கண் இருக்கிறதே என்று அழுத ஆளை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க முடியாது.

இப்போது வயது ஐம்பதை நெருங்குகிறது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் இணைய இணைப்புக் கொடுக்கிற ஒரு பெரிய கம்பெனியில் வேலை. எந்தச் செய்தி எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிப்பது அவர் பொறுப்பு. நாம் போனில் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு, அது நேராகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். நேராவது ஒன்றாவது! ஒரு கம்பெனியின் கம்பியிலிருந்து இன்னொரு கம்பெனியின் கம்பிக்கு, அங்கிருந்து கடலுக்கடியில் கிடக்கிற கேபிளுக்கு என்று கை மாறிக் கை மாறித்தான் போகிறது. ஒரே ஊருக்கு ஏழெட்டு வழி இருக்கும். எது கிட்டத்து வழி, எதில் நெரிசல், எது மழை பெய்தால் மக்கர் பண்ணும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஒவ்வொரு வழிக்கும் ஓர் எண் கொடுத்து வைப்பார். பெரிய எண் கொடுத்த வழியில் இயந்திரம் முதலில் அனுப்பும். சின்ன எண் கொடுத்த வழி சும்மா கிடக்கும். மற்றதெல்லாம் அறுந்து தொங்கினால்தான் அதற்கு வேலை.

எல்லாம் அவர் கையால் போட்ட எண்கள். குளிரூட்டிய அந்த அறையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, நாலு திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்து, இவர் ஓர் எண்ணை மாற்றினால் லட்சம் பேருடைய போக்குவரத்து திரும்பும். ஆபீஸில் அவருக்கு ‘டிராபிக்’ என்று பட்டப்பெயர். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

இத்தனை கெட்டிக்காரத்தனமும் வீட்டில் செல்லுபடியாகவில்லை என்பதுதான் அவருடைய தீராத குறை.

மனைவி நல்லவள். பாடுவாள். அவள் தங்கையும் பாடுவாள். ஆனால் இவர் தன் வேலையைப் பற்றி ஆரம்பித்தால், மூன்றாவது வாக்கியத்தில் அக்காக்காரிக்குக் கொட்டாவி வந்துவிடும். “கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லுங்க” என்பாள், கண்ணை மூடிக்கொண்டே. மாமியாரிடம் சொல்லிப் பார்த்தார். மாமியார் பாதியில் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, “என்ன சொன்னீங்க மாப்ளே?” என்று கேட்பார். போகட்டும், பெண்களுக்கு இதில் நாட்டமில்லை என்று அவர் மனதைத் தேற்றிக்கொண்டார். சின்ன மாப்பிள்ளை வந்து சேரும்வரை அந்தத் தேறுதல் தாக்குப்பிடித்தது.

சின்ன மாப்பிள்ளை, அதாவது தங்கையின் புருஷன், இவருக்குச் சகலை. இவரைவிட ஒரு பத்து வயது இளையவன். அவனுக்கும் இதே தொழில்தான் என்பது விதியின் விளையாட்டு. காலையில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய பக்கத்து ஊரில், ஒரு சின்ன இணையக் கம்பெனியில் இருந்தான். மொத்தக் கம்பெனியும் ஒரு வேனில் அடங்கிவிடும். ஆனால் இவன் அங்கே ஒரு புரோகிராம் எழுதியிருந்தான். அது ஒவ்வொரு வழியிலும் சில நொடிகளுக்கு ஒருமுறை ஒரு துளிச் செய்தியை அனுப்பி, போய்வர எவ்வளவு நேரமாகிறது என்று அளந்துகொண்டே இருக்கும். எந்த வழி இப்போது வேகமோ அந்த வழிக்குத் தானாகவே மாறிக்கொள்ளும். யாரும் எண் போட வேண்டாம், ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு காவல் காக்க வேண்டாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். சாப்பாடு முடிந்து, மாமியார் சும்மா இருக்காமல், “நீங்க ஏதோ பெரிசா கண்டுபிடிச்சிருக்கீங்களாமே மாப்ளே?” என்று சின்னவனைக் கேட்டுவைத்தார்.

“பெரிசா ஒண்ணும் இல்ல அத்தை. நீங்க கடைக்குப் போறீங்கன்னு வையுங்க. நேர்த் தெருவில போனா கிட்ட. ஆனா அங்க பள்ளம் தோண்டிப் போட்டிருக்காங்க. பின்தெரு சுத்து, ஆனா காலியா இருக்கு. எதுல போவீங்க?”

“பின்தெருவுலதான் போவேன். பள்ளத்துல விழவா?”

“அவ்ளோதான் அத்தை என் புரோகிராம். முன்னாடியே ஓடிப்போய்த் தெருவைப் பாத்துட்டு வந்து சொல்லிடும்.”

மாமியார் மோவாயில் கைவைத்தார். “இத்தனை வருஷமா இதை எனக்கு ஒருத்தரும் வெளங்கச் சொல்லலையே!”

பெரிய மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. நூறு தடவை சொன்ன வாய் இங்கேயே உட்கார்ந்திருக்கிறது! மாமியாரையாவது மன்னித்திருப்பார். மனைவியைப் பார்த்தார். கொட்டாவிக்காரி கன்னத்தில் கையூன்றிக்கொண்டு, கண்ணை அகல விரித்து, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது போதாதென்று அவன் இவர் பக்கம் திரும்பி, “இதெல்லாம் அண்ணாகிட்ட கத்துக்கிட்டதுதான்” என்று வேறு சொன்னான். அவன் திமிராகப் பேசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை விடலாம். பணிவாகப் பேசுகிறவனை என்ன செய்வது?

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் அவள், “கெட்டிக்காரர் இல்ல?” என்றாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்குவதுபோல் பாவனை செய்தார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அந்த வார்த்தையை அவள் அவரைப் பற்றி ஒரு நாளும் சொன்னதில்லை.

மறுநாள் காலை ஆபீஸில் அவர் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

ஊரில் ஒரு கட்டடம் இருக்கிறது. எல்லா இணையக் கம்பெனிகளும் அங்கே கம்பி வலைக் கூண்டுகளில் தங்கள் இயந்திரங்களை வைத்திருக்கும். ஒரு கம்பெனியும் இன்னொரு கம்பெனியும் ஒத்துக்கொண்டால், இந்தக் கூண்டுக்கும் அந்தக் கூண்டுக்கும் ஒரு மஞ்சள் ஒயரை இழுத்துவிடுவார்கள். அதன் பிறகு இருவருடைய வாடிக்கையாளர்களும் பேசிக்கொள்ள மூன்றாவது கை வேண்டாம். இவருடைய கம்பெனி முதலாளிகளும் சகலை கம்பெனிக்காரர்களும் அப்படி ஒத்துக்கொண்டு, ஒயரும் இழுத்தாகிவிட்டது. அதற்கு ஓர் எண் போடுவதுதான் பாக்கி. நியாயமாகப் பார்த்தால் இருப்பதிலேயே பெரிய எண் போட்டிருக்க வேண்டும். அவர் இருப்பதிலேயே சின்ன எண்ணைப் போட்டார். பக்கத்தில் ‘தற்காலிகம்’ என்று ஒரு குறிப்பும் எழுதிவைத்தார். புதுக் கம்பெனி, எடுத்த எடுப்பில் நம்பிவிட முடியாது, போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு காரணமும் தயார் செய்துகொண்டார். வயிற்றெரிச்சல் என்று யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பார்.

விளைவு என்னவென்றால், இவருடைய கம்பெனியிலிருந்து சகலை கம்பெனிக்குப் போகிற ஒவ்வொரு செய்தியும், கைநீட்டினால் எட்டுகிற அந்தக் கூண்டுக்குப் போகாமல், கடற்கரைக்குப் போய், கடலுக்குள் இறங்கி, வேற்று நாட்டில் ஏதோ ஒரு கட்டடத்தில் கரையேறி, அங்கே கம்பெனி மாறி, மறுபடி கடலுக்குள் இறங்கித் திரும்பிவந்து, பக்கத்து ஊருக்குப் போனது. அவன் பக்கத்திலிருந்து வருவது மட்டும் மஞ்சள் ஒயர் வழியாக நேராக வந்தது. அவன் புரோகிராம்தான் எது கிட்டத்து வழியென்று பார்த்துக்கொள்ளுமே. இந்தத் தொழிலில் போகிற வழி நம் கையில், வருகிற வழி அடுத்தவன் கையில். போகவர மொத்தமாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒன்பது மில்லி செகண்டில் முடிய வேண்டிய காரியம். ஆனால் யாரும் புகார் செய்யவில்லை. ஒரு பக்கம் திறக்கக் கண்ணிமைக்கும் நேரம் கூடுதலானால் யாருக்குத் தெரியப்போகிறது?

பாடுகிறவர்களுக்குத் தெரியும்.

அக்காவும் தங்கையும் ஒரு வேலை பிடித்திருந்தார்கள். குழந்தைகளுக்குக் கதைகளை ஒலிப்பதிவு செய்து வெளியிடுகிற ஒரு நிறுவனம், கதைக்கு இடையில் வருகிற பாட்டுகளை இரண்டு குரலில் பாடித்தரக் கேட்டது. சின்ன வயதிலிருந்தே சேர்ந்து பாடிப் பழகியவர்கள். ஒருத்தி மூச்சு வாங்கும் இடம் இன்னொருத்திக்குத் தெரியும். ஒலிப்பதிவாளர் ஆளுக்கொரு சின்னப் பெட்டி அனுப்பினார். அதில் மைக்கையும் ஹெட்போனையும் செருகி இணையத்தில் இணைத்தால், அவரவர் வீட்டிலிருந்தே சேர்ந்து பாடலாம். பெட்டி சத்தத்தைத் தேக்கிவைக்காது, உடனுக்குடன் தள்ளிவிடும் என்றார்.

முதல் நாளே வில்லங்கம் ஆரம்பித்தது. அக்கா தாளம் போட்டு ஆரம்பிப்பாள். அது கடல் தாண்டிப் போய்த் தங்கைக்குத் தாமதமாகக் கேட்கும். தங்கை கேட்ட இடத்தில் சேர்ந்துகொள்வாள். அவள் குரல் திரும்பி வரும்போது அக்காவின் காதில் அது தாளத்தில் அரைத் தட்டு பின்தங்கியிருக்கும். தங்கை தடுமாறுகிறாள் போலிருக்கிறது என்று அக்கா கொஞ்சம் நிதானிப்பாள். அக்கா நிதானிக்கிறாள் என்று தங்கையும் நிதானிப்பாள். இப்படி ஒருத்திக்காக ஒருத்தி விட்டுக்கொடுத்து, துள்ளிக் குதிக்க வேண்டிய முயல் பாட்டு ஒப்பாரிபோல இழுத்துக்கொண்டே போய் நடுவழியில் உட்கார்ந்துவிடும். இருவரும் சிரிப்பார்கள். நாலைந்து தடவைக்குப் பிறகு சிரிப்பும் நின்றுவிட்டது.

பெரிய மாப்பிள்ளை அப்போது அதே அறையில், பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரணம் அவருக்கு முதல் வரியிலேயே விளங்கிவிட்டது. கொஞ்சம் உறுத்தவும் செய்தது. காலையில் ஆபீஸுக்குப் போனதும் அந்த எண்ணை மாற்றிவிட வேண்டியதுதான் என்று நினைத்தார். மாற்றியும் இருப்பார். அதற்குள் அக்காக்காரி மைக்கில் சொன்னாள்:

“ஏண்டி, உன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் பாக்கச் சொல்லேன். அவருக்குத்தான் இதெல்லாம் தெரியுமே.”

பெரிய மாப்பிள்ளை பேப்பரை மடித்து வைத்தார். அவருக்குத்தான் தெரியுமாம்! ஊருக்கே வழி போட்டுக் கொடுக்கிறவன் இங்கே கையெட்டும் தூரத்தில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை, பக்கத்து ஊர்க்காரனிடம் சொல்லி அனுப்புகிறாள்! சரி, கேட்கட்டும். அவன் தலைகீழாக நின்றாலும் இதைச் சரிசெய்ய முடியாது. கோளாறு அவன் பக்கத்தில் இருந்தால்தானே? இவர் பக்கத்தில், இவர் போட்ட எண்ணில் அல்லவா இருக்கிறது. அவள் என்றைக்கு “நீங்க கொஞ்சம் பாருங்களேன்” என்று வாயைத் திறந்து கேட்கிறாளோ, அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம். அதுவரை அது அங்கேயே கிடக்கட்டும்.

அந்த வாரக் கடைசியில் சாப்பாடு போடும்போது அவள் சொன்னாள். “அவர் பக்கத்துலதான் ஏதோ கோளாறாம். தேடித் தேடிப் பாத்துட்டாராம். அவரால கூட முடியலையாம்.”

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பெரிய மாப்பிள்ளைக்கு உச்சி குளிர்ந்தது. எத்தனை வருஷத்துத் தாகம்! முகத்தை எவ்வளவுதான் இறுக்கி வைத்துக்கொண்டாலும் உதட்டோரம் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

“அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல” என்றார். “புரோகிராம் எழுதிட்டா போதுமா? பாவம், சின்னப் பையன்.”

“இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்றாள் அவள். அவர் தட்டை நீட்டினார். வழக்கத்தைவிட ஒரு பிடி அதிகமாகவே சாப்பிட்டார்.

ஆபீஸில் அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு கம்மி. மேலாளர் கூப்பிட்டு உட்காரவைத்து, “அந்தச் சின்னக் கம்பெனியில தானா வழி கண்டுபிடிக்கிற புரோகிராம் ஒண்ணு ஓடுதாமே, எழுதினவர் உங்க சொந்தக்காரராமே?” என்றார்.

“சொந்தம்னா, சகலை சார்.”

“நம்ம வாடிக்கையாளர்ல கேம் ஆடற பசங்க, வெளிநாட்டு ஆபீஸோட வீடியோவில பேசறவங்க எல்லாம் அங்க தாவறாங்க. நம்மகிட்ட சுத்துது, அங்க டக்குன்னு போகுதுங்கறாங்க. அவரைக் கூப்பிட்டுப் பேசுவோமா? நம்மளும் ஓட்டிப் பாக்கலாம்.”

“அதெல்லாம் சின்ன இடத்துக்குச் சரி சார். நம்ம அளவுக்குத் தாங்காது” என்றார் பெரிய மாப்பிள்ளை. சொன்னது முழுப்பொய்யும் இல்லை. ஆனால் அவர் மறுத்ததற்குக் காரணம் வேறு. அந்தப் புரோகிராம் இங்கே வந்தால் அவர் போட்ட எண்களையெல்லாம் ஒவ்வொன்றாக அளக்கும். மஞ்சள் ஒயர் பக்கத்திலேயே இருக்கும்போது கடலுக்குள் இறங்கச் சொன்ன புண்ணியவான் யார் என்று பத்துப் பேர் எதிரில் கேட்கும். வீட்டில் மனைவியைப் பிடித்துக்கொண்டான், இங்கே நாற்காலியையும் பிடித்துக்கொள்வான் போலிருக்கிறதே என்று அன்று முழுக்கக் கரித்துக் கொட்டினார்.

இதற்கிடையில் ஒலிப்பதிவாளர் பொறுமை இழந்தார். தனித்தனியாகப் பாடவைத்துச் சேர்த்துப் பார்த்திருந்தார். ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கிறது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாடினால் பாடட்டும், இல்லையென்றால் வேறு ஜோடியைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். அக்காக்காரி அன்றைக்கு ரொம்ப நேரம் பால்கனியில் நின்றிருந்தாள். உள்ளே வந்து சொன்னாள்:

“நான் தங்கச்சி வீட்டுல போய் இருந்து பாடிட்டு வரலாம்னு இருக்கேன். மாசத்துல பாதி நாள் அங்க, பாதி நாள் இங்க.”

“பாதி நாளா?”

“வேற வழி இருந்தா சொல்லுங்க” என்றாள், நேராக அவரைப் பார்த்து.

இதுதான் சமயம். ‘வழி’ என்ற வார்த்தையைக் கூட அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆனால் பெரிய மாப்பிள்ளைக்கு அது போதவில்லை. பொதுவாகச் சொன்னால் ஆயிற்றா? அவரைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். நீங்கள் பாருங்கள், உங்களால் முடியும் என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாமல் இவராகப் போய்ச் சரிசெய்தால், நாளைக்குப் பாட்டு நன்றாக வரும்போது என்ன சொல்வார்கள்? ‘அவர் எப்படியோ கண்டுபிடிச்சுச் சரிபண்ணிட்டார் பாத்தியா’ என்று அக்காளும் தங்கையுமாகச் சின்னவனைக் கொண்டாடுவார்கள். அதற்கு இவர் பாடுபட வேண்டுமா?

“யோசிச்சுப் பாக்கலாம்” என்றார்.

அந்த வாரம் முழுக்க அவர் பட்ட பாடு சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டியது. ஆபீஸ் அடையாள அட்டையைக் கழற்றி, அவள் கண்ணில் படும்படி சாப்பாட்டு மேசையில் வைத்தார். அவள் அதை எடுத்துத் துடைத்துவிட்டு அங்கேயே வைத்தாள். “இன்னிக்கு வேலை கம்மி, யாராவது எதையாவது பாக்கச் சொன்னா பாக்கலாம்” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். “அப்ப இந்த பல்பை மாத்துங்க” என்றாள் அவள். ஸ்டூலைப் போட்டு ஏறினார். ஸ்டூல் மேல் நின்றபடியே அவர் கண்ணுக்கு முன் ஒரு காட்சி ஓடியது. தங்கை வீட்டு ஹாலில் அவள் கன்னத்தில் கையூன்றி உட்கார்ந்திருக்கிறாள். சின்ன மாப்பிள்ளை தன் கையாலேயே டீ போட்டுக் கொண்டுவந்து வைக்கிறான். அவன் டீ போடுவான் என்று மாமியார் ஏற்கெனவே ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. இவள் குடித்துவிட்டு, “அட, நல்லா இருக்கே” என்கிறாள்.  பல்பைத் தப்பாகத் திருகி உடைத்தார்.

அவள் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டி அறைக்கு நடுவில் திறந்து கிடந்தது. துணிமணி அடுக்கியாகிவிட்டது. மேலாக அந்த மைக். அதைப் பார்த்ததும்தான் பெரிய மாப்பிள்ளைக்குக் கதிகலங்கியது. கேட்கவே மாட்டாள். இவள் இப்படியே, ஒரு வார்த்தை கேட்காமலே போய்விடுவாள். செருப்பை மாட்டிக்கொண்டு, விடுமுறை நாளென்றும் பாராமல் ஆபீஸுக்கு ஓடினார்.

எண்ணை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ‘தற்காலிகம்’ என்ற குறிப்பை அழித்தார். கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்ததெல்லாம் மஞ்சள் ஒயருக்குத் திரும்பியது. திரையில் நேரத்தைக் காட்டும் கோடு மடாரென்று சரிந்து ஒன்பதில் நின்றது. இவ்வளவு சுலபமான காரியத்துக்கா இத்தனை நாள் என்று ஒரு கணம் வெட்கமாக இருந்தது. அடுத்த கணமே, இதை எப்படிச் சொல்லிப் பெயர் வாங்குவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து, “தங்கச்சியைக் கூப்பிடு. இப்பப் பாடிப் பாரு” என்றார்.

அவள் ஒன்றும் கேட்காமல் பெட்டிக்குள்ளிருந்து மைக்கை எடுத்தாள். ஹெட்போன் ஒன்றுதான். ஆனால் இவருக்கும் கேட்கட்டுமென்று நினைத்தாளோ என்னவோ, ஒரு காதிலிருந்து விலக்கிவைத்தாள். முயல் பாட்டை ஆரம்பித்தாள். தங்கையின் குரல் வந்து சேர்ந்தது. சேர்ந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை, எது எவளுடைய குரலென்றே தெரியவில்லை. இருவரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கினார்கள், ஒரே இடத்தில் துள்ளினார்கள். நடுவில் தங்கை வேண்டுமென்றே ஒரு வரியைத் திருப்பிப்போட, இவள் விடாமல் பின்னாலேயே போய்ப் பிடித்தாள். பாட்டு முடிந்ததும் அந்தப் பக்கம் தங்கை குழந்தைபோலக் கத்தினாள். இந்தப் பக்கம் அக்காவின் கண் கலங்கியிருந்தது.

பெரிய மாப்பிள்ளை காத்திருந்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒயரைச் சுருட்டினாள்.

“நான்தான் சரிபண்ணேன்” என்றார் அவர், பொறுக்கமாட்டாமல்.

“தெரியும்” என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. தெரியுமாமே! சின்னவனைச் சொல்லவில்லை, இவரைத்தான் சொன்னாள். அன்று அவர் நடையே ஒரு தினுசாக இருந்தது. மறுநாள் காலையில் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது திகைத்துப் போனார்.

“அதான் சரியாயிடுச்சே? இனிமே எதுக்குப் போகணும்?”

“வர்றேன்னு சொல்லிட்டேன். எதிர்பாத்துக்கிட்டு இருப்பா” என்றாள். பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தார்.

சாயங்காலம் போன் வந்தது. சின்ன மாப்பிள்ளை.

“அண்ணா, அக்கா நல்லபடியா வந்து சேந்துட்டாங்க. சாப்பிட்டாங்க.” கொஞ்சம் தயங்கினான். “அப்புறம், அந்த வழியை மாத்தினதுக்கு ரொம்ப நன்றிண்ணா.”

பெரிய மாப்பிள்ளை தெரியாததுபோலக் கேட்டார். “எந்த வழி?”

“உங்க பக்கத்துல இருந்து வர்ற வழிதாண்ணா. இப்ப நேரா வருது.”

“கோளாறு உன் பக்கத்துலன்னு சொன்னியாமே?”

அவன் பதில் சொல்லச் சங்கடப்பட்டான். “எனக்கு மொத நாளே தெரியும்ணா. அளந்து பாத்தா தெரிஞ்சிடுமே. அக்கா போன் பண்ணி, கோளாறு என் பக்கமா உங்க பக்கமான்னு கேட்டாங்க. எனக்குப் பொய் சொல்ல வரல. உங்க பக்கம்னு சொல்லிட்டேன். அது தெரிஞ்சு நடந்ததா தெரியாம நடந்ததான்னு கேட்டாங்க. யாரோ கையால போட்டாத்தான் அப்படி நிக்கும்னேன். அவங்கதாண்ணா, வெளியில யார் கேட்டாலும் என் பக்கம்னே சொல்லச் சொன்னாங்க, உங்க மானம் போயிடக் கூடாதுன்னாங்க. என் வீட்டுக்காரிக்குக்கூடத் தெரியாது. நீங்க தப்பா எடுத்துக்காதீங்க.”

அவர் போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். ‘அவரால கூட முடியலையாம்’ என்று சொல்லிவிட்டு அவள் ஏன் அப்படி நின்று பார்த்தாள் என்பது இப்போது விளங்கியது. அவர் உதட்டோரத்தைப் பார்த்திருக்கிறாள். இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்று கேட்டுப் போட்டிருக்கிறாள். அவருடைய மானத்தை அவளும் சின்னவனும் சேர்ந்து காப்பாற்றியிருக்கிறார்கள். அவளுக்கும் தனக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டிய ஒரு ரகசியம், அவளுக்கும் அவனுக்கும் நடுவில் இத்தனை நாளாக இருந்திருக்கிறது. வெட்கத்தைவிட அதுதான் அவரை அதிகமாகச் சுட்டது. என்ன மனுஷனோ, அந்த நேரத்திலும் அவருக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

லேப்டாப்பைத் திறந்து அவளை வீடியோவில் கூப்பிட்டார். பழக்கதோஷத்தில், ஓரத்தில் நேரம் அளக்கும் கட்டத்தையும் திறந்துவைத்தார். அவள் முகம் வந்தது. பின்னால் ஹாலில் யாரோ ஏதோ சொல்ல, மாமியாரும் தங்கையும் சிரிக்கிற சத்தம். சொன்னது யார் என்று அவருக்குத் தெரியும்.

“உனக்கு மொதல்லேருந்தே தெரியுமா?”

“ம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தா அன்னிக்கே அந்த எண்ணை மாத்தியிருப்பேன்.”

“மாத்தியிருப்பீங்க. அது தெரியும்” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நான் கேக்காம மாத்துவீங்களான்னு பாத்தேன். நான் பாட முடியாம திண்டாடறதைப் பக்கத்துல உக்காந்து பாக்கறீங்க, எத்தனை நாளைக்கு உங்களால முடியும்னு பாத்தேன்.”

அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “நேத்து மாத்திட்டேன்ல” என்றார்.

“நான் பெட்டி கட்டின பிறகு.”

பின்னால் மறுபடி சிரிப்பு. அக்கா, டீ ஆறுது என்று சின்ன மாப்பிள்ளையின் குரல். அவள் திரும்பிப் பார்த்து, வர்றேன் என்பதுபோலக் கையை அசைத்தாள்.

“எப்ப வர்றே?” என்றார் பெரிய மாப்பிள்ளை.

அவள் உதடு அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்து ஓரத்துக் கட்டத்தைப் பார்த்தார். ஒன்பது என்று காட்டியது. வழியில் எந்தத் தடங்கலும் இல்லை. அவர் கேட்டது அவளுக்குக் கேட்டிருக்கும். திரையில் அவள் கண்ணிமைத்தாள். அவர் காத்துக்கொண்டிருந்தார்.